பென் ஷ்னைடர்மன்

பென் ஷ்னைடர்மன் (பிறப்பு: ஆகஸ்ட் 21, 1947, நியூயார்க்) ஓர் அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஆவார். இவர் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் ஓய்வுநிலைத் தகைசால் பேராசிரியர். மனித-கணினி ஊடாட்டம், தகவல் காட்சிப்படுத்தல் ஆகிய துறைகளில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் ஆய்வாளர்களுள் ஒருவர். கூகுள் ஸ்காலர் கணக்கின்படி இவரது எச்-சுட்டெண் 100-ஐக் கடந்துள்ளது. அதாவது, குறைந்தது 100 முறையாவது பிறரால் மேற்கோள் காட்டப்பட்ட ஆக்கங்கள் இவருக்கு 100-க்கு மேல் உள்ளன.

கல்வியும் பணியும்

1968 இல் நியூயார்க் நகரக் கல்லூரியில் இளநிலைப் பட்டமும், 1973 இல் ஸ்டோனி புரூக்கில் உள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் முனைவர் பட்டமும் பெற்றார். 1976 இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கு 1983 இல் மனித-கணினி ஊடாட்ட ஆய்வகத்தை நிறுவி, 2000 வரை அதன் இயக்குநராக இருந்தார்.

நிராகரிக்கப்பட்ட கட்டுரை

மாணவராக இருந்தபோது ஐசக் நாசியுடன் இணைந்து, கட்டமைப்பு நிரலாக்கத்துக்கு ஏற்ற புதிய பாய்வுப்பட முறை ஒன்றை உருவாக்கினார். இதில் அம்புக்குறிகள் இல்லை. ஒன்றனுள் ஒன்று அடங்கிய கட்டங்களே நிரலின் ஓட்டத்தைக் காட்டும். இக்கட்டுரையைப் புகழ்பெற்ற இதழ் ஒன்று ஏற்க மறுத்தது. இதன் படிகளையெல்லாம் திரட்டி எரித்துவிட வேண்டும் என்று மதிப்பீட்டாளர் ஒருவர் எழுதினார். 1973 இல் ஏசிஎம் அமைப்பின் மற்றொரு வெளியீட்டில் கட்டுரை வெளிவந்தது. நாசி-ஷ்னைடர்மன் படம் எனப் பெயர்பெற்ற இம்முறை பின்னர் ஜெர்மனியின் டிஐஎன் 66261 தரத்தில் இடம்பெற்றது. அந்த மறுப்புக் கடிதத்தை ஷ்னைடர்மன் பிற்காலத்தில் தாமே பொதுவில் வெளியிட்டார்.

மர நிலப்படம்

1990 இல் ஆய்வகத்தில் 14 பேர் பகிர்ந்து பயன்படுத்திய 80 மெகாபைட் வன்தட்டு அடிக்கடி நிரம்பியது. எந்தக் கோப்பு எவ்வளவு இடத்தை அடைத்துள்ளது என்பதை அறிவது கடினமாக இருந்தது. வழக்கமான மர வரைபடம் திரையில் அடங்கவில்லை. எனவே திரை முழுவதையும் ஒரு செவ்வகமாகக் கொண்டு, அதனை நெடுக்காகவும் குறுக்காகவும் மாறி மாறிப் பிரித்தார். ஒவ்வொரு சிறு செவ்வகத்தின் பரப்பும் அக்கோப்பின் அளவுக்கு நேர் விகிதத்தில் அமைந்தது. இதுவே ட்ரீமேப் எனப்படும் மர நிலப்படம். மாணவர் பிரையன் ஜான்சனுடன் எழுதிய கட்டுரை 1991 இலும், இவரது தனிக் கட்டுரை 1992 இலும் வெளியாயின.

இம்முறையில் சில செவ்வகங்கள் மிகவும் மெலிந்து நீண்டுவிடுவதால் அவற்றின் பரப்பை ஒப்பிடுவது கடினம். இக்குறையைக் களைய, 2000 இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் சதுரத்தை நெருங்கும் வடிவங்களைத் தரும் படிமுறையை வெளியிட்டனர். ஆனால், சதுரங்களை மட்டும் ஒப்பிடும்போதும் துல்லியம் குறைகிறது என 2010 இல் நடந்த சோதனைகள் காட்டின.

இயங்கு வினவல்

நழுவுக் கட்டையை நகர்த்தியவுடன் திரையில் விடைகள் மாறும் வினவல் முறையை இவரது குழு உருவாக்கியது. வீடு தேடுவதற்கான நிரல் 1992 இலும், திரைப்படங்களைத் தேடுவதற்கான நிரல் 1994 இலும் கட்டுரைகளாக வந்தன. இரண்டாவது கட்டுரையின் இணையாசிரியர் கிறிஸ்டோபர் ஆல்பெர்க் 1996 இல் ஸ்பாட்ஃபயர் நிறுவனத்தைத் தொடங்கினார். 2007 இல் அதனை டிப்கோ நிறுவனம் வாங்கியது.

காட்சிவழித் தேடல் மந்திரம்

1996 இல் வெளியான கட்டுரையில், முதலில் முழுமையான தோற்றம், பின்னர் பெரிதாக்கலும் வடிகட்டலும், இறுதியில் வேண்டியபோது விவரங்கள் என்னும் வரிசையை முன்வைத்தார். தரவுகளை ஏழு வகைகளாகவும், பயனர் பணிகளை ஏழு வகைகளாகவும் பகுத்தார். இக்கட்டுரை 5000-க்கும் மேற்பட்ட முறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளது.

மேற்கோள்கள் குறித்த விமர்சனம்

2005 இல் பிராக் கிராஃப்ட், பால் கெய்ர்ன்ஸ் ஆகியோர் இம்மந்திரத்தை மேற்கோள் காட்டிய ஆக்கங்களை ஆராய்ந்தனர். பலர் தம் வடிவமைப்பை நியாயப்படுத்த இதனைச் சுட்டினரே தவிர, இது உண்மையில் பயன் தருகிறதா என்று சோதிக்கவில்லை என அவர்கள் கண்டனர். ஷ்னைடர்மன் இதனைத் தம் திட்டங்களின் பட்டறிவிலிருந்து பெற்ற விளக்கமாகவே தந்திருந்தார். கட்டாய விதியாகத் தரவில்லை. மேற்கோள்களின் எண்ணிக்கை ஒரு கருத்தின் பரவலை அளக்குமே அன்றி, அதன் மெய்ம்மையை அளக்காது என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

நூல்களும் சிறப்புகளும்

இவரது பயனர் இடைமுக வடிவமைப்புப் பாடநூல் ஆறு பதிப்புகளைக் கண்டது. ஆறாம் பதிப்பு 2016 இல் வெளிவந்தது. 1999 இல் ஸ்டூவர்ட் கார்டு, ஜாக் மெக்கின்லே ஆகியோருடன் தகவல் காட்சிப்படுத்தல் கட்டுரைத் தொகுப்பை வெளியிட்டார். 2022 இல் மனிதரை மையமாகக் கொண்ட செயற்கை அறிவுத்திறன் பற்றிய நூலை எழுதினார். 2010 இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இவற்றையும் பார்க்க

தகவல் காட்சிப்படுத்தல்
மனித-கணினி ஊடாட்டம்
எச்-சுட்டெண்