பேசாப் படமும் பேசிய இசையும்

பேசாப் படம் என்றவுடன், ஓசை ஏதுமற்ற இருண்ட மண்டபமொன்றிலே மக்கள் மௌனமாக அமர்ந்திருந்தனர் என்றே நம்மிற் பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. படம் பேசவில்லையாயினும் மண்டபம் பேசியது. சிறிய கொட்டகையில் ஒரு பியானோ. பெருநகர மாளிகையிலோ ஐம்பதின்மருக்கு மேற்பட்ட வாத்தியக்காரர். 1908ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு இசைமேதை சேன்-சான்ஸ் ஒரு திரைப்படத்திற்கெனத் தனி இசை அமைத்துக் கொடுத்தார். திரைக்கு முன்னால் உயிருள்ள கலைஞர் வாசிக்க, மக்கள் படத்தைப் பார்த்தும் இசையைக் கேட்டும் இன்புற்றனர்.

இக்கலையின் உயர்வையும் வீழ்ச்சியையும் ஒருங்கே காட்டுவது, 1929ஆம் ஆண்டு சோவியத் நாட்டில் வெளிவந்த 'புதிய பாபிலோன்' என்னும் படத்தின் வரலாறு. கோசின்ற்செவ், திரவுபேர்க் என்னும் இருவர் அதனை நெறிப்படுத்தினர். 1871ஆம் ஆண்டின் பாரிசுக் கொம்யூன் எழுச்சியே கதை. இசையமைத்தவர் திமித்ரி சொஸ்தகோவிச். அப்பொழுது அவருக்கு வயது 22.

சொஸ்தகோவிச் இத்துறைக்குப் புதியவரல்லர். 1922இல் தந்தையார் இறந்தபின் குடும்பம் வறுமையுற்றது. பின்னர் அவர் லெனின்கிராட் படமாளிகைகளிலே பியானோ வாசித்துப் பொருளீட்டினார். துன்பக் காட்சிக்குச் சோக இசை, துரத்தற் காட்சிக்கு விரைவிசை என்ற பழகிய முறை அவருக்குச் சலித்துப் போயிருந்தது. ஆகவே, திரையில் உள்ளதையே திரும்பக் கூறாது, அதனோடு வாதாடும் இசையை அவர் எழுதினார். பிரான்சின் தேசிய கீதத்தையும், ஒபன்பாக் அமைத்த கேளிக்கை நடன இசையையும் ஒன்றோடொன்று பின்னி ஒலிக்கச் செய்தார். செல்வரின் நாட்டுப்பற்று எத்தகையது என்பதைச் சொல்ல வேறு சொல் வேண்டியிருக்கவில்லை.

ஆயினும் அரங்கேற்றம் வெற்றி பெறவில்லை. இசை எழுதி முடிந்த பின்னர், மேலிடத்து ஆணையினாற் படத்தின் பகுதிகள் வெட்டப்பட்டன. இசையும் காட்சியும் ஒன்றையொன்று தவறவிட்டன. இங்கே ஓர் உண்மையை நேயர்கள் கருத வேண்டும். நமது நாட்டுக்கூத்திலே அண்ணாவியார் ஆடுபவனின் காலைப் பார்த்து மத்தளத்தை விரைவாக்குவார். ஆடுபவனும் மத்தளத்தைக் கேட்டுத் தன் அடியை மாற்றுவான். திரைப்படமோ எவருக்காகவும் காத்திராது. வாத்தியக் குழு ஓரடி பிந்தினால், அழும் காட்சியிலே நடன இசை கேட்கும். போதிய ஒத்திகையின்றி வந்த கலைஞர்களுக்கு அக்கடினமான இசை பெருஞ்சுமையாயிற்று. விரைவிலே அது கைவிடப்பட்டது.

அதற்குள் உலகமும் மாறிவிட்டது. 1927ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'ஜாஸ் பாடகன்' என்னும் படம் பேசும் படங்களின் காலத்தைத் தொடக்கிவைத்தது. ஒரு முறை பதிவுசெய்த இசையை ஓராயிரம் மாளிகைகளில் ஒலிக்கச் செய்யலாம் என்றானதும், அம்மாளிகைகளில் வாசித்தவருக்கு வேலை இல்லாதொழிந்தது. சில ஆண்டுகளுக்குள் பல்லாயிரம் கலைஞர் பிழைப்பை இழந்தனர். அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் 'தகரத்தில் அடைத்த இசை' வேண்டாமென விளம்பரங்கள் செய்து போராடியும் பயன் விளையவில்லை. அவர்கள் வாசித்த ஏடுகளிற் பலவும் குப்பையாயின.

சொஸ்தகோவிச்சின் ஏடுகள் தப்பிப் பிழைத்தன. 1975இல் அவர் மறைந்தபின், இசை நெறியாளர் ரோஸ்தெஸ்வென்ஸ்கி அவற்றைத் தேடியெடுத்து உலகறியச் செய்தார். 1980ஆம் ஆண்டுகளில் அவ்விசை மீண்டும் படத்தோடு மேடையேறியது. 1980இல் இலண்டனிலே 'நெப்போலியன்' என்னும் பழைய பிரெஞ்சுப் படமும், கார்ல் டேவிஸ் அமைத்த புதிய இசையோடு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் காட்டப்பட்டது. அன்று முதல் பல நாடுகளிலும் இத்தகைய காட்சிகள் நடைபெற்று வருகின்றன.

பதிவு செய்த இசை பிழையின்றி ஒலிக்கையில், இவ்வாறு வருந்தி வாசிப்பானேன் என்று கேட்கலாம். பதிவில் உள்ளது என்றோ நடந்து முடிந்தது. மண்டபத்தில் வாசிப்பவனோ இன்றிரவு தவறவுங் கூடும். தவறாது வெல்லவுங் கூடும். மறைந்துபோன நடிகரின் நிழலுக்கு உயிருள்ள கலைஞன் தன் மூச்சைக் கொடுக்கிறான். அந்தப் பழைய வாத்தியக்காரர் நாடோறும் செய்த தொண்டும் அதுவே. அவர்களுட் பெரும்பாலோரின் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. பேசாப் படத்தைப் பேசச் செய்தவர் அவர்களே என்பதையேனும் நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.