நாய்க்குச் சோறு வைத்தவள்

எடுத்தனூர் நடுகல்லை நான் முதலில் பார்த்தது முனைவர் பட்ட ஆய்வுக் காலத்தில், ஒரு நூலில் இருந்த மங்கலான புகைப்படத்தில். திருவண்ணாமலை மாவட்டத்து ஊர் அது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நட்ட கல். எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தி அதில் நிற்கிறான். பக்கத்தில் ஒரு நாய். அதன் பெயர் கோவிவன் என்றும், கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்லில் பொறித்திருக்கிறார்கள். பல்லவர் காலத்து நாய் ஒன்றின் பெயர் இன்றும் நமக்குத் தெரிகிறதே என்று அப்போது வியந்தேன். அந்த நாய்க்குச் சோறு வைத்தது யார் என்று கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கேள்வி வருவதற்கு இன்னும் பதினைந்து வருடம் ஆனது. ஒரு நாயும் வீட்டுக்கு வர வேண்டியிருந்தது.

செவலை வந்தது நான்கு வருடத்துக்கு முன். ஊசுட்டேரிக் கரையோரம் சாக்குப் பையில் கிடந்த நான்கு குட்டிகளில் ஒன்று. நான்கும் பெட்டை. வில்லியனூர்ப் பக்கம் ஆண் குட்டி என்றால் கேட்டு வாங்கிப் போவார்கள். பெட்டையை ஏரிக்கரையிலோ சந்தைத் திடலிலோ விட்டுவிடுவார்கள், குட்டி போட்டுக்கொண்டே இருக்குமாம். பெண்ணியத் தொகுப்புக்காக நான் உருவகம் தேடவில்லை. கருத்தடைக்கு நாயைத் தூக்கிக்கொண்டு அலைய ஆளில்லாத வீட்டில் அது வெறும் சோற்றுக் கணக்கு.

என் வீட்டில் நானும் பள்ளிக்குப் போகும் மகளும் மட்டும். காலை 7.45க்குக் கிளம்பினால் கல்லூரி முடிந்து பஸ் பிடித்துத் திரும்ப மாலை 5.15. ஒன்பதரை மணி நேரம். இரண்டு மாதக் குட்டிக்கு நாளைக்கு நான்கு வேளை தீனி வேண்டும். அது சிறுநீரை அடக்குவதற்கு, வயது எத்தனை மாதமோ அத்தனை மணி நேரம் என்று ஒரு தோராயக் கணக்குச் சொல்வார்கள். அப்படியானால் இரண்டு மணி நேரம். முதல் மூன்று நாள் பின்கட்டில் கட்டிப் போட்டுவிட்டுப் போனேன். வந்து பார்த்தால் தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து, குட்டி தன் கழிவிலேயே படுத்திருக்கும்.

சங்கடம் வந்தால் பாட்டைத் தேடிப் போவது எங்கள் தொழில் வியாதி. நிகண்டுகளில் நாய்க்குப் பெயர்ப் பஞ்சமே இல்லை: ஞமலி, ஞாளி, சுணங்கன், குக்கல், ஞெள்ளை. சங்கப் பாடல்களில் அது பெரும்பாலும் வேட்டுவனோடு காட்டில் ஓடும். ஊருக்குள் வந்தால் காவல் காக்கும். யாரைக் காக்கும் என்பதைப் பரணர் அகநானூற்று 122ஆம் பாட்டில் வரிசைப்படுத்திச் சொல்கிறார். இரவில் காதலனைச் சந்திக்கப் போகும் பெண்ணுக்குத் தடைகள் எவை? ஊர் தூங்காது. ஊர் தூங்கினால் அன்னை தூங்கமாட்டாள். அவள் தூங்கினால் காவலர், அவர்களும் ஓய்ந்தால் நாய், நாயும் படுத்துவிட்டால் நிலவு. அந்தப் பெண்ணுக்கு நாய் ஒரு சிறைக்காவலன். பகலில் அதற்குச் சோறு வைத்ததும் அந்த அன்னையோ அவளேதானோ என்று பாட்டு சொல்லவில்லை.

ஓர் இடத்தில் நாய் அடுக்களைக்குள் வருகிறது. சிறுபாணாற்றுப்படை. நத்தத்தனார் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடியது. அவனுடைய கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது. எயிற்பட்டினத்தை மரக்காணம் என்பார்கள். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். பாணன் தன் பழைய வறுமையைச் சொல்லும் பகுதி அது. பொலிவிழந்த அடுக்களையில் ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது. கண் திறக்காத குட்டிகள் முலையை மொய்க்கின்றன. பால் இல்லை. வலி பொறுக்காமல் தாய் நாய் குரைக்கிறது. அதே அடுக்களையில், பசியில் இடை ஒடுங்கிய கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவார்களே என்று வெட்கப்பட்டுக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள்.

வகுப்பில் இதை இருபது வருடமாக 'வறுமைச் சித்திரிப்பு' என்று சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறேன். செவலை வந்தபிறகுதான், அந்த நாய் ஏன் அடுக்களையில் போய்க் குட்டி போட்டது என்று யோசித்தேன். ஈனப் போகும் நாய் தனக்குப் பழக்கமான, அடித்து விரட்டாத இடத்தைத்தான் தேடும். அவள் அதற்கு எப்போதோ கஞ்சி ஊற்றியிருக்க வேண்டும். புலவர் இரண்டு தாய்களையும் ஒரே கூரையின்கீழ் பசியோடு நிறுத்திவிட்டார். அவர்களுக்குள் இருந்த கொடுக்கல்வாங்கலைச் சொல்லவில்லை.

இந்தச் சொல்லாமை புலவர்களோடு முடிந்ததில்லை. பாரதி புதுச்சேரியில் இருந்த காலத்தைப் பற்றிப் பேசினால், செல்லம்மாள் சமைக்க வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்த கதை வராமல் இருக்காது. சொல்பவர் கண்கள் பனிக்கும். அன்று உலையில் என்ன போட்டார்கள் என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்டதை நான் கண்டதில்லை. நானும் கேட்டதில்லை.

என் பாட்டிக்குப் பாகூர்ப் பக்கம். ஏரிப் பாசனம், நெல். தென்பெண்ணைத் தண்ணீரைப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலை வெட்டியவர்கள் பங்காரி, சிங்காரி என்று இரண்டு பெண்கள் என அங்கே கதை சொல்வார்கள். தண்ணீர் கொடுத்த பெண்களின் பெயராவது வாய்க்காலில் மிஞ்சியது. பாட்டி நடவுக்குப் போகும்போது தெருநாய் ஒன்று பின்னாலேயே போகும். இவள் சேற்றில் இறங்கினால் அது வரப்பில் வேப்பமர நிழலாகப் பார்த்துப் படுக்கும். தூக்குவாளியைத் திறக்கும்போது எழுந்து வரும். அவள் தின்று, அடிக்கஞ்சியை வரப்பில் சாய்ப்பாள். அந்த நாய் யாருடையது என்று கேட்டால், "நம்ம தெரு நாயி" என்பாள். அதற்குக் கழுத்துப் பட்டை கிடையாது, சங்கிலி கிடையாது. தடுப்பூசியும் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். வெறிநாய்க் கடியில் செத்தவர்களும் அந்தத் தெருவில் உண்டு. அந்தக் காலத்தை இனிப்பாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பாட்டி கழனிக்குப் போனபோது அவள் வேலையும் நாயும் ஒரே இடத்தில் இருந்தன, அவ்வளவுதான் சொல்ல வருவது.

மில் வாசலில் நாயை விடமாட்டார்கள்.

சவானா, ரோடியர், கெப்ளே என்று வழங்கிய மூன்று பஞ்சாலைகள்தான் பின்னாளில் சுதேசி, ஏ.எஃப்.டி., பாரதி ஆயின. கொம்யூன் கிராமங்களிலிருந்து விடியலில் நகரத்தை நோக்கி நடந்தும் சைக்கிளிலும் போன தலைமுறைகள் உண்டு. பொழுதைச் சூரியனைப் பார்த்து அறிந்த ஊர்கள் சங்கு கேட்டு அறியத் தொடங்கின. 1936 ஜூலை 30 அன்று போராடிய தொழிலாளர்கள்மீது பிரெஞ்சு அரசின் படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். வ. சுப்பையா முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1937இல் தொழிலாளர் சட்டம் வந்தது, எட்டு மணி நேர வேலைநாளுக்கு வழி பிறந்தது. ஆசியாவிலேயே முதலில் எங்களுக்குத்தான் என்று புதுச்சேரிக்காரர்கள் பெருமையாகச் சொல்வோம். நானும் ஜூலை 30 கூட்டங்களில் கவிதை வாசித்திருக்கிறேன்.

நாளை மூன்றாகப் பிரித்து உழைப்புக்கு எட்டு, உறக்கத்துக்கு எட்டு, மீதி எட்டு நமக்கு என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்த கோரிக்கை. அந்த மூன்றாம் எட்டுதான் பெண்ணுக்கு எப்போதும் தகராறு. உலை, தண்ணீர்க் குடம், பிள்ளை, மாமியாருக்கு மருந்து எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். வேலைநாளை வரையறுத்த சட்டத்துக்கு இந்த நாள் கண்ணில் படவில்லை. மிக அண்மையில்தான் அரசு இதை எண்ணிப் பார்த்தது. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுக்கான கூலியில்லா வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம், ஆண்கள் 97. வளர்ப்புப் பிராணியைப் பார்த்துக்கொள்வதும் அந்தக் கணக்கில் சேரும். கோவிவனுக்குப் பிறகு நாய் மறுபடி பதிவேட்டில் ஏறிய இடம் இது. இந்த முறை சோறு வைத்தவளும் ஏறிவிட்டாள், நிமிடங்களாக.

சட்டத்திலும் ஒரு பெண் நாயை எழுதிவைத்திருக்கிறார். பரதநாட்டியத்தோடு மட்டும் நாம் நினைத்துக்கொள்ளும் ருக்மிணி தேவி அருண்டேல் 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். விலங்கு வதையைத் தடுக்கத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அந்த முயற்சியின் விளைவுதான் 1960ஆம் ஆண்டின் சட்டம். அதன் 11ஆம் பிரிவில், வழக்கமாகக் கட்டிப்போட்டோ அடைத்தோ வைக்கும் நாயை நியாயமான அளவு நடமாட விடாத உரிமையாளர் குற்றவாளி. இதைப் படித்தபோது பின்கட்டுச் சங்கிலி நினைவுக்கு வந்தது. நல்ல சட்டம்தான். ஒன்பதரை மணி நேரம் வெளியே இருக்கிறவள் அந்த நடமாட்டத்தை எங்கிருந்து கொண்டுவருவாள் என்று அதில் இல்லை. விடியற்காலை 4.30க்கு எழுந்து கொண்டுவந்தேன். மூன்றாம் மாதம் செவலைக்குப் பார்வோ கண்டு ரத்தமாகப் போனபோது இரண்டு நாள் விடுப்பு எடுத்தேன். விண்ணப்பத்தில் 'உடல்நலக் குறைவு' என்று எழுதினேன். யாருடைய உடல் என்று எழுதவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலே முகம் சுளிக்கும் இடத்தில் நாய்க்கு வயிற்றுப்போக்கு என்று எழுத எனக்குத் துணிச்சல் இல்லை.

ஆனால் செவலை பிழைத்தது என் விடியற்காலையால் என்று சொன்னால் நானும் அந்தப் புலவர்கள் செய்ததையே செய்கிறவளாவேன்.

நான்காம் நாள் காலை எதிர்வீட்டு அக்கா வாசலுக்கு வந்தார். "டீச்சர், குட்டி நாளெல்லாம் கத்துது. காதுல வாங்க முடியல. சாவிய குடுத்துட்டுப் போங்க, ஒரு வாய் கஞ்சி ஊத்தறேன்." அவர் வீட்டுக்காரர் பஞ்சாலைத் தொழிலாளி, இப்போது வேலையில்லை. 2020இல் புதுச்சேரியின் அரசுப் பஞ்சாலைகளில் சங்கு முழுதாக நின்றுவிட்டது. அக்கா காலையில் நூறுநாள் வேலைக்குப் போய்விட்டு மதியம் திரும்புவார். அன்றிலிருந்து பன்னிரண்டரைக்கு வந்து கதவைத் திறந்து, செவலையைத் தோட்டத்தில் விட்டு, சோறு வைத்து, தண்ணீர் மாற்றி, கழிவை அள்ளிவிட்டுப் போவார். சங்கிலியைக் கழற்றி ஆணியில் மாட்டியதும் அவர்தான். தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுப்பேன். கேட்பவர்களிடம், "எதிர்வீட்டு அக்கா உதவியா இருக்காங்க" என்பேன். அவர் எப்படி வந்தார், உட்கார்ந்து சாப்பிட்டாரா என்று கேட்டதில்லை.

சென்ற மார்ச்சில் மகளிர் தினத்துக்கு ஒரு கல்லூரியில் பேசப் போனேன். கூலியில்லா உழைப்பு பற்றி. 299ஐச் சொன்னேன், மாணவிகள் குறித்துக்கொண்டார்கள். திரும்பும் பஸ்ஸில் மனம் தானாகப் பெருக்கிப் பார்த்தது. நாளைக்கு அரை மணி, வருடத்துக்கு ஏறக்குறைய 200 நாள், நான்கு வருடம். 400 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாக 50 நாள். நூறுநாள் வேலையில் சரிபாதி. அந்த ஐம்பது நாளைத்தான் நான் வகுப்பறையிலும் கவிதையிலும் செலவழித்திருக்கிறேன்.

அன்று மாலை அவர் திண்ணையில் உட்கார்ந்து, மாதம் ஒரு தொகை தருகிறேன் என்றேன். அவர் முகம் மாறியது. "நாய்க்கு சோறு வக்கிறதுக்கு கூலியா டீச்சர்? ஊர்ல சிரிப்பாங்க." அதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் பேசவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு, "எவ்ளோ?" என்றார். என்னிடம் ஒரு தொகை தயாராக இருந்தது. வாய்க்கு வந்தபோது அது குறைவாகப் பட்டது. சற்றுக் கூட்டிச் சொன்னேன். சரி என்றார், ஒரு நிபந்தனையோடு: "மாசத்துல ரெண்டு நாள் வரமாட்டேன். மொத நாளு சொல்லிடுவேன். ஏன்னு கேக்கக்கூடாது."

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், தெருநாய்களுக்கு ஒதுக்கிய இடங்களில்தான் சோறு வைக்க வேண்டும், தெருவில் கண்ட இடத்தில் கூடாது என்றது. பேப்பரில் வந்ததை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "ஒதுக்குன எடம்னா எது? எங்க வாசலா, ஒங்க வாசலா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எங்கள் தெருவில் மூன்று நாய்களுக்கு இன்றும் அவர் வாசல்தான்.

அவர் வராத முதல் நாளுக்கு நான் அரைநாள் விடுப்பு எடுத்தேன். இந்த முறை விண்ணப்பத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினேன். பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்தபோது செவலை கேட்டோரம் நின்று எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. எதிரே திண்ணையில் அக்கா காலை நீட்டி, சுவரில் சாய்ந்து, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். எழுந்து வரவில்லை. நான் உள்ளே போய்ச் சோற்றைப் பிசைந்தேன்.