பொறிக்கு நேரம் குறித்தவர்கள்

கார் இஞ்சினுக்குள் பெட்ரோல் 'வெடிக்குது' என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது எரிகிறது. எரிவதற்குச் சில மில்லிசெகண்ட் ஆகும். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் இஞ்சினில் ஒரே மில்லிசெகண்டில் கிராங்க் 18 டிகிரி திரும்பிவிடும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்னாடியே பொறியைப் போடணும். எவ்வளவு முன்னாடி? இதை யார் முடிவு செய்வது என்பதுதான் இக்னிஷன் டைமிங்கின் வரலாறு.

முதலில் முடிவு செய்தவர் ஓட்டுநர். 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் ஸ்டியரிங்குக்குக் கீழே இரண்டு நெம்புகோல்கள் இருந்தன. வலப்பக்கம் இருந்தது ஆக்ஸிலேட்டர். இடப்பக்கம் இருந்தது பொறியின் நேரம். வேகம் கூடினால் இடதைக் கீழே இழுக்கணும். மேட்டில் இஞ்சின் திணறித் தட்ட ஆரம்பித்தால் கொஞ்சம் மேலே தள்ளணும். எல்லாம் காதுக் கணக்குதான்.

மறந்தால் கை போயிடும். இது மிகையில்லை. வண்டியின் முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றித்தான் ஸ்டார்ட் செய்வார்கள். நெம்புகோலை மேலே தள்ளாமல் சுழற்றினால், பிஸ்டன் உச்சியைத் தொடும் முன்பே தீ பிடித்து அதைப் பின்னால் உதைக்கும். கைப்பிடி எதிர்த்திசையில் வந்து மணிக்கட்டை உடைக்கும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிக்கச் சொன்னது இதற்காகத்தான். 1912 மாடல் காடிலாக்கில் சார்லஸ் கெட்டரிங் கொண்டுவந்த எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர்தான் இதற்கு வழி காட்டியது. அவருடைய நிறுவனத்தின் பெயர் டெல்கோ. பிரெஞ்சுக்காரர்களுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் என்றாலே 'டெல்கோ'தான்.

அடுத்து நெம்புகோலும் போனது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சிறு எடைகள் வேகம் கூடக்கூட விரிந்து பொறியை முன்னாடி தள்ளின. லோடு குறையும்போது இஞ்சினின் வேக்குவம் இன்னும் கொஞ்சம் தள்ளியது. இனி தொடக்கப் புள்ளியைச் சரியாக வைத்தால் போதும். அந்த வேலை மெக்கானிக்கிடம் வந்தது. அம்பாசிடர் மாதிரி வண்டிகளில் இஞ்சினை ஓட்டாமலே, ஒரு டெஸ்ட் லைட்டை வைத்து, சி.பி. பாயிண்ட் திறக்கும் கணத்தைப் பிடிக்கலாம்: பாயிண்ட் பிரிந்ததும் லைட் எரியும். ஓடும் இஞ்சின் என்றால் டைமிங் லைட். முதல் சிலிண்டர் வயரில் மாட்டினால், பொறி விழும்போதெல்லாம் ஒரு மின்னல் அடிக்கும். சுற்றுகிற புல்லி அந்த வெளிச்சத்தில் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். அதிலுள்ள கோடு எந்த டிகிரியில் நிற்கிறது என்று பார்த்து, டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பி, போல்ட்டை முறுக்கணும். அவ்வளவுதான்.

ஆனால் அந்தத் தட்டல் சத்தம், அதான் நாக்கிங், போகவில்லை. கெட்டரிங்கின் பேட்டரி இக்னிஷன் மேல்தான் முதலில் பழி விழுந்தது. பொறியைத் தாமதித்தால் சத்தம் அடங்கும். ஆனால் இழுவை குறையும். அதற்கு மனசு வராமல் எரிபொருளை மாற்றப் போனார்கள். 1921 டிசம்பர் 9 அன்று, கெட்டரிங்கின் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி ஈயம் கலந்த சேர்மம் ஒன்று நாக்கிங்கை அடக்குவதைக் கண்டார். 1923-இல் ஈயப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 1924-இல் நியூஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் அந்தச் சேர்மத்தைத் தயாரித்த ஐந்து தொழிலாளிகள் ஈய நஞ்சேறி, சித்தம் கலங்கி இறந்தார்கள். அப்படியும் விற்பனை பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. இந்தியா முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது 2000-இல்தான்.

இன்றைய கார்களில் திருப்புவதற்கு டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது. இஞ்சின் பிளாக்கில் ஒரு நாக் சென்சார் இருக்கிறது. 1970-களின் கடைசியில் கார்களுக்குள் வந்தது. தட்டல் கேட்டால் கம்ப்யூட்டர் பொறியைச் சில டிகிரி தாமதித்து, சத்தம் நின்றதும் மெல்ல மெல்ல முன்னுக்குக் கொண்டுவரும். கவனிச்சீங்களா? மாடல் டி ஓட்டுநர் மேட்டில் காதை வைத்துச் செய்த அதே வேலை. எரிபொருளில் நஞ்சு கலக்காமல் சமாளிக்கும் அந்த வழி, முதல் நாளிலிருந்தே அவர் இடது கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.