டாக்டர் இலட்சுமணசுவாமி முதலியாரும் மக்கள் சுகாதாரமும்

கொச்சி நகருக்கு எதிரே, காயலின் நடுவே அமைந்துள்ளது வல்லார்பாடம் தீவு. 2004ஆம் ஆண்டில் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்படும் வரையில், அத்தீவினர் எறணாகுளத்து மருத்துவமனைகளை அடையப் படகையே நம்பியிருந்தனர். அக்கரையில் எத்துணைச் சிறந்த மருத்துவர் இருப்பினும், நள்ளிரவில் பிரசவ வேதனையுறும் பெண்ணுக்கு இடையிலுள்ள நீரே பெருந்தடையன்றோ? நோய் தீர்க்கும் கலை வேறு. அக்கலையை மக்களிடம் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு வேறு. அவ்வேற்பாட்டையும் ஆராய்தற்குரிய துறையாகக் கொண்ட தமிழ்ப் பேராசிரியர் ஒருவரை இங்கு நினைவுகூர்வோம்.

அவர்தாம் டாக்டர் ஆர்க்காடு இலட்சுமணசுவாமி முதலியார். 1887இல் கர்நூலில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, மகப்பேற்று மருத்துவப் பேராசிரியராக விளங்கி, அக்கல்லூரியின் முதல்வர் பதவியை ஏற்ற முதல் இந்தியரானார். டாக்டர் கிருஷ்ண மேனனுடன் சேர்ந்து அவர் எழுதிய மகப்பேற்று மருத்துவ நூல் பல தலைமுறை மாணாக்கருக்குப் பாடநூலாயிற்று. 1942 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் பணிபுரிந்தார்.

பிரசவ அறையில் தொடங்கிய அவரது சிந்தனை நாடு முழுவதையும் தழுவியது. 1943இல் சர் ஜோசப் போர் என்பாரின் தலைமையில் அமைந்த சுகாதாரக் குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். பணம் கொடுக்க இயலாத காரணத்தால் எவருக்கும் மருத்துவ உதவி மறுக்கப்படலாகாது என்பது, 1946இல் அக்குழு அளித்த அறிக்கையின் அடிப்படைக் கொள்கை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிர்வாகக் குழுவுக்கும் அவர் தலைமை வகித்தார். 1961இல் புது தில்லியில் கூடிய பதினான்காவது உலக சுகாதாரப் பேரவைக்கும் அவரே தலைவர்.

எனினும், அவருடைய பணியின் சாரத்தை 1959இல் அவர் தலைமையில் அமைந்த சுகாதார ஆய்வுக் குழுவிலேதான் காண்கிறோம். 1952 முதல் நாடெங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் தோன்றிக்கொண்டிருந்தன; எண்ணிக்கை பெருகப் பெருக மகிழ்ச்சியும் பெருகிற்று. குழுவோ உள்ளே நுழைந்து பார்த்தது. மருத்துவரும் வசதிகளும் போதாத நிலையங்கள் பல எனக் கண்டது. ஆகவே, இருப்பவற்றை முதலில் செம்மைப்படுத்துக. ஒரு நிலையத்தின் பொறுப்பில் 40,000 பேருக்கு மேல் வேண்டாம். மாவட்ட மருத்துவமனைகளில் சிறப்பு மருத்துவர்களை அமர்த்துக. 50 இலட்சம் மக்களுக்கு ஒரு மருத்துவக் கல்லூரி வேண்டும் என்று 1961இல் பரிந்துரைத்தது. புதுக் கட்டடம் திறப்பதில் கிடைக்கும் புகழ் பழையதைச் சீர்செய்வதில் கிடைப்பதில்லை. ஆயினும் ஆசிரியருக்குரிய கண்டிப்போடு அவர் அதையே வற்புறுத்தினார்.

1974இல் அவர் மறைந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், அல்மா ஆட்டா நகரில் கூடிய உலக நாடுகள், ஆரம்ப சுகாதாரப் பணியே யாவருக்கும் நல்வாழ்வளிக்கும் வழி என்று அறிவித்தன.

பிழைப்பை நாடி வேற்று மாநிலங்களில் வாழும் தமிழருக்கு இவ்வரலாறு அயலானதன்று. உற்றார் அருகிலில்லாத ஊரில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், நாம் முதலில் தேடிச் செல்வது அவ்வூர்ச் சுகாதார நிலையத்தையே. அங்கே மருத்துவர் இருக்கிறாரா, மருந்து இருக்கிறதா என்ற கேள்வியைத்தான் அப்பேராசிரியர் நாட்டின் முன் வைத்தார்.