நாற்று நுனியும் குருத்துப்பூச்சியும்

நாற்றைப் பறித்து நடுவதற்கு முன்னால் இலை நுனியைக் கிள்ளி எறியச் சொல்வார்கள். நாத்து நெட்டையா வளந்திருந்தா சாயாம நிக்கும்ங்கிறது ஒரு காரணம். இன்னொரு காரணம் குருத்துப்பூச்சி. நெல்லின் மஞ்சள் தண்டுத் துளைப்பான் என்று புத்தகங்களில் வருவது இதுதான்.

இதன் தாய் அந்துப்பூச்சி இலையின் நுனிப் பக்கமாகப் பார்த்து முட்டைகளைக் குவியலாக இடும். பிறகு தன் வால் பக்கத்து ரோமத்தால் அதை மூடிவிடும். பார்க்க மங்கலான பழுப்புப் பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கும். ஒரு வாரம் வாக்கில் புழுக்கள் வெளியே வந்து, நூல் விட்டுக் காற்றில் ஆடி, பக்கத்துத் தூர்களுக்குப் போய்த் தண்டுக்குள் நுழையும். இளம்பயிரில் நடுக்குருத்து காயும். கதிர் வரும் நேரமானால் வெண்கதிர், அதாவது மொத்தமும் சாவி. புழு உள்ளே போன பிறகு மருந்து எட்டுவது கஷ்டம். ஆக, வெளியில் கண்ணுக்குத் தெரிகிற முட்டையிலேயே பிடிப்பதுதான் லாபம்.

எல்லாத் துளைப்பானும் இப்படி நுனி தேடாது. இளஞ்சிவப்புத் துளைப்பான் இலையுறைக்கும் தண்டுக்கும் நடுவே முட்டையை ஒளித்து வைக்கும். நெல், கரும்பு, கேழ்வரகு, காட்டுப்புல் எல்லாமே அதற்குச் சம்மதம். அதனிடம் நுனி கிள்ளுவது பலிக்காது.

சரி, புல்லை வைத்தே பூச்சியை ஏமாற்றலாமே என்று கேட்கலாம். கென்யாவில் 1990களில் அதைத்தான் செய்தார்கள். நம் ஆசியப் பக்கத்திலிருந்து ஆப்பிரிக்கா போன சோளத் தண்டுத் துளைப்பான் அங்கே மக்காச்சோளத்தை அழித்தது. வயல் ஓரத்தில் நேப்பியர் புல் நட்டார்கள். அந்து அதை விரும்பி முட்டையிட்டது. புல்லில் சுரக்கும் பிசினில் சிக்கிப் புழுக்களில் பெரும்பாலானவை பிழைக்கவில்லை. ஆனால் நம்ம குருத்துப்பூச்சி நெல்லையும் அதன் காட்டு உறவுகளையும் விட்டால் வேறெதிலும் பெரும்பாலும் தேறாது. வரப்புப் புல்லைக் காட்டி இதை இழுக்க முடியாது.

நெல்லை மட்டுமே நம்பும் பூச்சிக்கு, வருஷத்தில் எத்தனை மாசம் வயலில் நெல் நிற்கிறது என்பதே பெரிய விஷயம். டெல்டாவின் வரலாறு இங்கேதான் உள்ளே வருகிறது. 1934இல் மேட்டூர் அணை வந்தது. 1960களில் தஞ்சை மாவட்டத்தில் தீவிர வேளாண் திட்டமும் ஆடுதுறை 27 போன்ற குறுகிய காலக் குறுவை ரகமும் வந்தன. குறுவை, தாளடி என்று இருபோகம் பரவியது. நமக்கு இரண்டாவது சாப்பாடு, பூச்சிக்கும் அதேதான். சம்பா அறுவடைக்குப் பிறகு தாளை உழாமல் உளுந்து எடுக்கிற வயல்களில், தாள்கட்டைக்குள் புழு தங்கவும் இடம் உண்டு.

இப்போது நடவே மாறிவிட்டது. இயந்திர நடவுக்குப் பாய் நாற்றங்காலில் சுமார் 15 நாள் நாற்று. அதில் கிள்ள என்ன இருக்கு? நாகூர், நாகப்பட்டினம் பக்கம் கடைமடை. தண்ணி தாமதமா வரும், அதனால் நேரடி விதைப்பு அதிகம். அங்கே நாற்றே கிடையாது. நடவின்போது ஒவ்வொரு முடியும் ஒரு ஆள் கைக்கு வந்து போகும். அந்த வேளையில் நுனியோடு முட்டையும் போச்சு. கூலியும் தண்ணியும் மிச்சமானபோது அந்த வேளையும் சேர்ந்து போய்விட்டது. இதற்காக விவசாயியைக் குறை சொல்ல முடியாது.

அந்து மட்டும் மாறவில்லை. இன்னும் நுனியைத்தான் தேடுகிறது. சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல் கண்டால் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது வேளாண் பல்கலைக்கழகக் கணக்கு. அதற்கு வயலில் இறங்கி இலை நுனியைப் பார்க்கணும். கிள்ளிய குவியலை நசுக்காமல், ஓட்டை போட்ட மூங்கில் குழாயில் வைத்து வயலிலேயே நட்டால், முட்டைக்குள் வளரும் ஒட்டுண்ணிக் குளவி பறந்து வந்து அடுத்த குவியலைத் தேடும். செலவு ஒரு மூங்கில் துண்டுதான்.