ஒரு புஞ்சையின் வரி

பசுவந்தனைக் கரிசலில் ஒரு மானாவாரிப் புஞ்சை. சர்வே நம்பர் 112/2 என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 0 ஹெக்டேர் 81 ஏர். ஊர்ப் பேச்சில் இரண்டு ஏக்கர். புரட்டாசியில் உளுந்தோ பாசியோ விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் நிலம். ஒட்டப்பிடாரம் தாலுகா கணக்கில் இன்று அது கம்ப்யூட்டருக்குள் ஒரு வரி. அந்த வரி வந்த வழி நீளமானது.

சங்கிலியில் தொடங்கியது அது. 66 அடி நீளம், 100 கண்ணி. பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். அளந்து, மூலைக்குக் கல் நட்டு, புலப்படத்தில் கோடு போட்டார்கள். பிறகு மூன்று ஏடுகளில் ஏறியது: ‘அ’ பதிவேட்டில் நிலத்தின் வரிசையில், சிட்டாவில் ஆளின் வரிசையில், அடங்கலில் பசலி என்னும் வருவாய் ஆண்டு வாரியாகப் பயிரின் வரிசையில். மூன்றையும் கோத்தது ஒரே சர்வே நம்பர். எந்த ஏடு எந்தப் பரணில் கிடந்தாலும் நம்பரைப் பிடித்தால் மற்ற ஏட்டுக்குப் போய்விடலாம்.

1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் தன் கட்டுரையில் கணித மொழியில் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். தகவலை டேபிள்களில் வை. ஒன்றை இன்னொன்றோடு சேர்ப்பது அது இருக்கும் இடம் அல்ல, அதன் மதிப்பு. பின்னால் டேபிள்களைக் கேள்வி கேட்கும் எஸ்.கியூ.எல். மொழி அந்த வேரில் முளைத்தது.

நம் வரிக்கு முதல் சோதனை 1980இன் கடைசியில் வந்தது. பரம்பரையாகக் கணக்கு எழுதிய கர்ணம் பதவி ஒழிக்கப்பட்டது. அடுத்து கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். நியாயமான மாற்றம்தான். ஆனால் எந்த மாடசாமி எந்தத் தெரு மாடசாமி என்பது ஏட்டில் இல்லை, கர்ணத்தின் தலைக்குள் இருந்தது. அது அவரோடு போய்விட்டது. இந்தப் பக்கம் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். மாடசாமி மகன் முத்துக்கருப்பன், அவர் மகன் மாடசாமி, அவர் மகன் மறுபடி முத்துக்கருப்பன். அண்ணன் தம்பி இருவரும் தங்கள் அப்பா பெயரையே பிள்ளைக்கு வைத்திருப்பார்கள். தகப்பன் பெயரைச் சேர்த்தாலும் தாத்தாவும் பேரனும் ஒன்றாகவே தெரிவார்கள். எனவே டேபிளில் ஒரு வரியைத் தனியே அடையாளம் காட்டும் சாவியாகப் பெயர் ஒருநாளும் ஆகக் கூடாது. ஆளுக்கு ஒரு தனி எண்; நிலத்துக்கு மாவட்டம், தாலுகா, கிராமம், சர்வே நம்பர், உட்பிரிவு ஐந்தும் சேர்ந்த ஒரு சாவி.

ஏட்டிலிருந்து கம்ப்யூட்டருக்குள் ஏறும்போது பரப்பே பெரிய பொறி. சிட்டாவில் ‘0 - 5.50’ என்றால் ஐந்தரை ஏர், சுமார் 13.6 சென்ட். ஹெக்டேரில் அது 0.0550. தட்டச்சு செய்கிறவர் கோட்டைப் புள்ளியாக்கி 0.550 என்று போட்டால் நிலம் பத்து மடங்கு பெருத்துவிடும். ஹெக்டேரையும் ஏரையும் தனித்தனிக் கட்டத்தில் வாங்கி, ஏர் நூறைத் தொடாதபடி டேபிளிலேயே காவல் வைத்தால் இந்தத் தவறு நுழையாது. மிதவை எண்ணை விட்டுவிட்டுத் தசம எண்ணில் சேமித்தால் கூட்டல் கடைசிப் புள்ளிவரை நிற்கும்.

அடுத்தது வரிசை. சர்வே நம்பரை எழுத்தாக வைத்தால் 112/10 முன்னால் வரும், 112/2 பின்னால் போகும். சர்வே எண்ணுக்கு ஒரு கட்டம், உட்பிரிவு எண்ணுக்கு ஒரு கட்டம், உட்பிரிவு எழுத்துக்கு ஒரு கட்டம் என்று பிரித்தால் சரியாகிவிடும்.

பிறகு தமிழ். ‘கோமதி’யின் ‘ோ’வை யுனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ‘ே’, ‘ா’ என இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. துணைக்காலுக்குப் பதில் ‘ர’ விழுந்திருந்தால் கண்ணுக்கே தெரியாது. ‘முத்துக்கருப்பன்’ 16 குறிகள், யு.டி.எஃப்.-8இல் குறிக்கு மூன்று பைட் வீதம் 48. ஆங்கிலப் பெயரை மனதில் வைத்து 30 பைட் கட்டம் கட்டினால், எஞ்சுவது ‘முத்துக்கர’ மட்டும். உள்ளே ஏறும் வாசலிலேயே எழுத்தை, இரண்டு குறியை ஒன்றாக்கும் என்.எஃப்.சி. வடிவுக்குக் கொண்டுவருவதும், கட்டத்தைத் தாராளமாக விடுவதும் ஒரு நாள் வேலை.

இப்போது 112/2இன் உரிமையாளர் இறக்கிறார். இரண்டு மகன்கள், ஒரு மகள். கூட்டுப் பட்டாவில் மூன்று பெயரையும் ஒரே கட்டத்தில் காற்புள்ளி போட்டு எழுதுவது சுலபம்; நாளைக்கு ஒருவர் பாகத்தைத் தேட வழியிருக்காது. உரிமைக்கென்று தனி டேபிள், ஆளுக்கொரு வரி, பங்கோடு. பிறகு மகள் தன் பாகமான 27 ஏரைத் தனியே பிரித்துக்கொள்கிறார். 112/2ஏ, 112/2பி பிறக்கின்றன. பழைய வரியை அழிக்காமல் முடிந்த தேதி போட்டு வைக்க வேண்டும். பழைய பத்திரங்களெல்லாம் அந்த நம்பரைத்தான் பேசும். மூடுவது ஒன்று, திறப்பது இரண்டு: மூன்றும் ஒரே பரிவர்த்தனையில் நடக்க வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் ஒன்றுமே நடக்காததுபோல் திரும்பிவிட வேண்டும். இல்லையேல் நிலம் மண்ணில் இருக்கும், கணக்கில் இருக்காது.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. பயிர்க் காப்பீட்டுக்குப் பதியும்போது சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயர் பொருந்த வேண்டும். ஓர் எழுத்து தவறினால் பசுவந்தனைக்காரர் ஒட்டப்பிடாரத்துக்கு பஸ் ஏறுகிறார். அன்றைய கூலி போகிறது, பதியும் கெடுவும் நெருங்குகிறது. சாவி, காவல், பரிவர்த்தனை என்று நாம் நிரலில் எழுதும் நாலு வரி அவருக்கு அந்த நாளைத் திருப்பித் தருகிறது.

கரிசல் கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். வருஷங்கள் போகப் போக மூலைக்கல் சாய்கிறது. சில கல் மண்ணுக்குள் போய்விடுகிறது. சர்வேயர் வந்து நம்பரைக் கேட்பார், பதிவைப் பார்ப்பார், புலப்படத்தை விரித்து, அளந்து, பழைய இடத்திலேயே கல்லை நிமிர்த்துவார். அவர் பார்க்கும் அந்த வரி சாயாமல் இருக்க வேண்டும்.