அரசரை வரைந்த கை
(சேலம் திரை, நாமக்கல் தூரிகை – 9)

சென்ற வாரம் திருச்செங்கோட்டு டி.ஆர். சுந்தரத்தை ஏற்காடு அடிவாரத்தில், அவருடைய மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ வளைவுக்குக் கீழே நிறுத்திவிட்டு வந்தோம். முதலாளி சற்றுக் காத்திருக்கட்டும். அவர் ஸ்டுடியோ கட்டுவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே இந்தச் சமவெளியில் ஒருவர் தூரிகை பிடித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்காமல் சினிமாவுக்குள் நுழைவது நியாயமில்லை.

அவர் கதையில் இரண்டு பதக்கங்கள் வருகின்றன. முதலாவது தங்கம். 1911 டிசம்பர் 12 அன்று டெல்லியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்குப் பெரிய தர்பார் நடந்தது. கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குத் தலைநகர் மாறும் என்று அறிவித்ததும் அங்கேதான். அந்த முடிசூட்டை ஒட்டி மன்னரை வரைந்த ஓவியத்துக்காக அந்த இளைஞருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. இரண்டாவது வெள்ளி. 1954-ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தை முதன்முதலாக ஒரு தமிழ்ப் படம் வாங்கியது. படத்தின் பெயர் ‘மலைக்கள்ளன்’. கதை அதே ஓவியருடையது.

அரசரின் விழாவில் ஒன்று, குடியரசில் ஒன்று. நடுவில் ஒரு சிறைவாசம். மன்னரை வரைந்தவரை மன்னரின் அரசாங்கமே ஏன் உள்ளே தள்ளியது?

1888 அக்டோபர் 19 அன்று, காவிரிக் கரை மோகனூரில் எட்டாவது பிள்ளையாகப் பிறந்தார் வெ. ராமலிங்கம் பிள்ளை. தமிழ்நாடு அவரை நாமக்கல் கவிஞர் என்றே அறியும். அப்பா வெங்கடராமன் போலீஸ்காரர். பையன் நாமக்கல்லிலும் கோயம்புத்தூரிலும் படித்து, திருச்சி பிஷப் ஹீபர் கல்லூரி வரை போனார். பிறகு நாமக்கல் தாசில்தார் அலுவலகத்தில் குமாஸ்தா, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்று இரண்டு உத்தியோகங்கள். இரண்டிலும் கால் நிலைக்கவில்லை. கை மட்டும் வரைந்துகொண்டே இருந்தது.

அந்தக் காலத்து உருவப்பட ஓவியர்களின் பிழைப்பு எப்படி என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். மிராசுதாரோ வியாபாரியோ அப்பாவின் சிறிய போட்டோ ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பார். அதன்மேல் பென்சிலால் கட்டம் போட்டு, கித்தானில் அதே கட்டங்களைப் பெரிதாக்கி, கட்டம் கட்டமாக முகத்தை ஏற்றுவார்கள். பிறகு எண்ணெய் வண்ணம். காதுக் கடுக்கன், அங்கவஸ்திரத்தின் சரிகை, கைத்தடியின் பூண் எல்லாம் துல்லியமாக வந்தாக வேண்டும்; காசு கொடுப்பவர் முதலில் பார்ப்பது அதைத்தான். முகம் உயிரோடு வந்ததா என்பது ஓவியரின் சொந்தக் கவலை. சென்னைக் கலைப் பள்ளி 1850-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் நாமக்கல் மலைக்கோட்டை அடிவாரத்துக்கு அதன் காற்று வீசவில்லை.

எல்லோருக்கும் கண்முன் இருந்த உதாரணம் ரவிவர்மா. 1873-இல் மதராஸ் கண்காட்சியில் ஆளுநரின் தங்கப் பதக்கம் வாங்கினார். அதன்பின் அரண்மனைக் கதவுகள் தாமாகத் திறந்தன. 1894-இல் அச்சகம் வைத்து லட்சுமியையும் சரஸ்வதியையும் வீட்டுக்கு வீடு சுவரில் மாட்டவைத்தார். அந்த அச்சகத்தில் வேலை பார்த்த பால்கே என்பவர்தான் 1913-இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’ எடுத்தார். ஆக, இந்திய சினிமாவே பாதி ஓவியனின் பட்டறையிலிருந்து எழுந்து வந்ததுதான். ஒரு தங்கப் பதக்கத்துக்கு அவ்வளவு வீச்சு உண்டு. ராமலிங்கம் நினைத்திருந்தால் அரசவை ஓவியராகச் சுற்றி வந்திருக்கலாம்.

அவர் வேறு பக்கம் திரும்பினார். திருப்பியவர்களில் பாரதியும் ஒருவர்.

பாரதி செட்டிநாட்டுக்கு வந்திருந்த சமயம் ராமலிங்கம் போய்ப் பார்த்தார். ஓவியர் என்று அறிமுகம். நீர் எம்மை ஓவியத்தில் தீட்டும், உம்மை யாம் காவியத்தில் தீட்டுவோம் என்ற பொருளில் பாரதி வேடிக்கையாகப் பேசினாராம். கூட வந்தவர்கள் இவர் பாட்டும் எழுதுவார் என்று எடுத்துக் கொடுக்க, தயங்கித் தயங்கி ஒரு பாட்டைச் சொன்னார். பாரதி துள்ளி, இவர் புலவரேதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். தமிழ்க் கவிதைக்கு அது லாபம். ஓவியத்துக்கு நஷ்டம் என்றே நான் சொல்வேன். அந்த ஒரு பாராட்டுக்குப் பிறகு ஊர் அவரிடம் பாட்டு கேட்கத் தொடங்கியது. படம் கேட்பது குறைந்தது.

காங்கிரஸ் மேடைகளும் சேர்ந்துகொண்டன. அப்போது இந்த வட்டாரத்து அரசியலின் மையம் ராஜாஜி. சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர், 1925 முதல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நடத்தியவர். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க அவர் தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் நடந்தார்கள். நடைக்கு ஒரு பாட்டு வேண்டும். எழுதிக் கொடுத்தவர் ராமலிங்கம் பிள்ளை. கத்தியும் ரத்தமும் இல்லாத யுத்தம் என்று அவர் எழுதியதைப் பள்ளிப் பாடத்தில் படிக்காத தமிழர் குறைவு. 1932-இல் ஓராண்டுச் சிறை. ஐந்தாம் ஜார்ஜ் அப்போதும் சிம்மாசனத்தில்தான் இருந்தார்.

பின்னால் மரியாதைகள் வரிசையாக வந்தன. 1949-இல் சென்னை மாகாண அரசவைக் கவிஞர். 1971-இல் பத்ம பூஷண். 1972 ஆகஸ்ட் 24-இல் மறைந்தார். கோட்டையில் தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடத்துக்கு நாமக்கல் கவிஞர் மாளிகை என்று பெயர். நாமக்கல்லில் நினைவு இல்லம் இருக்கிறது, நூலகமாகவும் பயன்படுகிறது. எல்லாம் கவிஞருக்கு. ஓவியருக்கு? அவர் படங்களை மட்டும் சுவரில் வரிசையாக மாட்டி, அருகில் விளக்கம் எழுதி வைத்த ஒரு கண்காட்சியைச் சேலத்திலோ நாமக்கல்லிலோ நான் இதுவரை பார்த்ததில்லை. கலைஞனைக் கொண்டாடுவதென்றால் கட்டடத்துக்குப் பெயர் வைப்பது என்று நாம் பழகிவிட்டோம். படத்தைக் காட்டினால்தானே அவன் ஓவியன்!

சினிமா அந்தக் கடனில் கொஞ்சம் அடைத்தது. அதுவும் கதாசிரியருக்குத்தான் என்றாலும், என்ன மாதிரி அடைத்தது! கோவை பட்சிராஜா ஸ்டுடியோவின் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு ‘மலைக்கள்ளன்’ நாவலைப் படமாக்க முடிவு செய்தார். நாயகன் எம்.ஜி.ஆர்., 1953-இல்தான் தி.மு.க.வில் சேர்ந்தவர். நாயகி பானுமதி. வசனம் எழுத அழைக்கப்பட்டவர் முன்பு சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் ‘மந்திரி குமாரி’ எழுதிய மு. கருணாநிதி. 1953 ஜூலையில் கல்லக்குடியில் தண்டவாளத்தில் படுத்துச் சிறை போனவர். அப்போது முதலமைச்சர் யார்? ராஜாஜி!

ராஜாஜியின் யாத்திரைக்குப் பாட்டுக் கொடுத்த காந்தியவாதியின் கதைக்கு, ராஜாஜி ஆட்சியில் சிறை கண்டவர் வசனம் எழுத வேண்டும். பேனாவைத் திறந்தாரா, மூடினாரா? அந்தக் கள்ளன் பின்பு எப்படி திலீப் குமாராகவும் என்.டி. ராமராவாகவும் வேஷம் மாற்றி, கடல் தாண்டிச் சிங்களம் வரை பேசினான்? அடுத்த வாரம்.

அதற்குள் ஒரு வேண்டுகோள். நாமக்கல், சேலம், கரூர், செட்டிநாட்டுப் பக்கம் பழைய வீட்டுக்காரர்கள், கூடத்தில் தொங்கும் தாத்தாவின் எண்ணெய் வண்ணப் படத்தை ஒருமுறை இறக்கித் துடைத்துப் பாருங்கள். மூலையில் ராமலிங்கம் என்று கையெழுத்து இருந்தால், பழைய சாமான்காரரிடம் போடுவதற்கு முன் எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள்.